ரொறன்ரோ ஏரிக்கரையில் வந்த பார்க்கிங் நோட்டீசும் அதற்காக நான் போன இரண்டாவது பயணமும்

இந்தக் கோடையில் நான் இரண்டு முறை ரொறன்ரோ போனேன். முதல் முறை ஜூலையில், மனைவி பிள்ளைகளோடு, படகேறி ஏரிக்குள் இருக்கும் தீவுக்குப் போய் ஒரு நாளைக் கழிக்க. இரண்டாம் முறை ஓகஸ்ட் கடைசியில், தனியாக, பஸ்ஸில், என் மச்சானிடம் மன்னிப்புக் கேட்க. மொன்றியலிலிருந்து காரில் போவது எப்படி, எங்கே நிறுத்துவது, படகுக்கு எவ்வளவு என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதெல்லாம் கீழே இருக்கிறது. முதல் பயணத்தை மட்டும் எழுதி நிறுத்தியிருக்கலாம், படங்களும் நன்றாகத்தான் வந்திருந்தன. ஆனால் அப்படி எழுதினால் பாதிதான் எழுதியதாக இருக்கும்.

எங்கள் கார் திருத்த வேலைக்காகக் கராஜில் நின்றதால் மொன்றியலில் ஒரு வான் வாடகைக்கு எடுத்தோம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குப் புறப்பட்டோம். 540 கிலோமீற்றர்தான், ஆனால் வெள்ளிக்கிழமையில் அந்தக் கணக்கு எடுபடாது. ரொறன்ரோவுக்கு முன்னால் வருகிற விட்பிக்குக் கிட்ட வாகனங்கள் நகரவே இல்லை. வேலை முடிந்து வீடு போகிறவர்கள் ஒரு பக்கம், எங்களைப் போல வார இறுதிக்கு வருகிறவர்கள் மறுபக்கம். நகரின் கிழக்குப் பக்கம் மோர்னிங்சைட்டில் நண்பர் ஒருவரின் வீட்டுக்கு வந்து சேர எட்டரை ஆகிவிட்டது. காலையில் வெளிக்கிட முடிந்தால் காலையிலேயே வெளிக்கிடுங்கள்.

சனிக்கிழமை காலை பக்கத்திலுள்ள மல்வேர்னுக்குப் போய் அன்ரனை ஏற்றிக்கொண்டோம். அன்ரன் என் மனைவி ஜெனிற்றாவின் தம்பி. மன்னாரிலிருந்து வந்து எட்டு மாதம். அகதிக் கோரிக்கை போட்டிருக்கிறார், விசாரணைக்கு இன்னும் திகதி வரவில்லை. ஒரு நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, மரக்கறி வெட்டிப் பொதி செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்கிறார். என் பிள்ளைகள் இரண்டு பேரும், பதினாலு வயது மெலனியும் ஒன்பது வயது ஆரோனும், அவரைப் படங்களிலும் போனிலும்தான் கண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் மாமாவோடு முதல் முறையாக ஒரு முழு நாள். அவர் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஒரு பெரிய பை நிறைய முறுக்கு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

படகுத்துறைக்குக் கிட்ட நாங்கள் நிறுத்தியது ஒரு தனியார் பார்க்கிங். அந்த இடத்தில் ஏறக்குறைய எல்லாம் அப்படித்தான். வாசலில் ஒரு பலகை, உள்ளே ஒரு மெஷின், மனிதர் யாரும் இல்லை. முழு நாளுக்கு 25 டொலர். மெஷினில் கார் இலக்கத்தை அடித்து, கார்ட்டைத் தட்டிவிட்டுப் போகவேண்டும். காரில் துண்டு எதுவும் வைக்கத் தேவையில்லை. கம்பனிக்காரர் பிறகு வந்து இலக்கங்களை ஸ்கான் பண்ணிப் பார்ப்பார்கள்.

படகுக்கு வரிசை ஏற்கெனவே தெரு வரை வந்திருந்தது. ஜெனிற்றாவும் பிள்ளைகளும் ஓடிப்போய் வரிசையில் நின்றார்கள். நான் சாப்பாட்டுப் பெட்டியை இறக்கிக்கொண்டு, அன்ரனிடம் முப்பது டொலர் தாளாகக் கொடுத்தேன்.

“மெஷின் காசு எடுக்காது, உம்மட கார்ட்டில கட்டிப்போட்டு ஓடி வாரும். கார் நம்பர் சொல்லுறன், போனில அடிச்சு வையும்.”

நான் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். அடித்ததை எனக்குத் திருப்பி வாசித்தும் காட்டினார்.

“ஓம், ஓம், சரி. கெதியா வாரும்,” என்றேன்.

பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தார். கட்டியாயிற்று, மெஷினில் தாள் முடிந்துவிட்டதால் துண்டு வரவில்லை என்றார். மிச்சம் ஐந்து டொலரைத் தந்தார். நான் வாங்கிப் பையில் போட்டேன்.

தீவைப் பற்றிச் சொல்வதென்றால், பிள்ளைகள் இருப்பவர்கள் கட்டாயம் போகலாம். படகு பதினைந்து நிமிடம், பெரியவர்களுக்குப் போய்வர ஒன்பது டொலர் சொச்சம், பிள்ளைகளுக்குக் குறைவு. ரிக்கெற்றை முதலே ஒன்லைனில் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வரிசையில் காய வேண்டும். உள்ளே சாப்பாடு விலை. நாங்கள் புட்டும் மீன்பொரியலும் கட்டிக்கொண்டு போனோம். அன்ரன் ஆரோனை முதுகில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார். “ஊரில பேசாலைக் கடலில எனக்கு நீந்தக் காட்டித் தந்தது உங்கட அம்மாதான்,” என்று மெலனிக்குச் சொன்னார். ஜெனிற்றாவுக்கு நீந்தத் தெரியும் என்பதே பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவ்வளவு நல்ல நாள்.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்தபோது வானின் கண்ணாடியில் வைப்பருக்குக் கீழே மஞ்சள் உறை ஒன்று இருந்தது. பணம் செலுத்தாமல் நிறுத்தியதற்கு 80 டொலர். ஏழு நாளுக்குள் கட்டினால் 60. கட்டாவிட்டால் சட்ட நடவடிக்கை, கடன் வசூலிப்பவர்கள் என்று தடித்த எழுத்தில் இருந்தது.

நான் முதலில் அதை ஒரு படம் எடுத்தேன். அதற்குள்ளேயே எனக்குக் கோபம் ஏறிவிட்டது. வாடகை வான், கம்பனிக்காரர் இதற்கு மேல் தங்கள் பங்குக்கும் ஏதாவது போடுவார்கள் என்ற யோசனை வேறு.

“காசு கட்டினீரோ?” என்று கேட்டேன்.

“கட்டினனான் அத்தான். தாங்ஸ் எண்டு ஸ்கிரீனில வந்தது.”

“அப்ப உது என்ன? சும்மா கொண்டுவந்து வைப்பாங்களோ? ஒரு மெஷினில நம்பர் அடிக்கத் தெரியேல்லை எண்டால் தெரியேல்லை எண்டு சொல்லியிருக்கோணும்.”

“இல்லை அத்தான், சரியாத்தான் அடிச்சனான். பொறுங்கோ, பாங்கில பாத்துக் காட்டுறன்.” அவர் போனை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

நான் பார்க்கவில்லை. “உதை உள்ளுக்கு வை,” என்றேன். அதுவரை நீர் என்று பேசியவன் நீ என்று மாறியதை நானே கேட்டேன். அதோடும் நிறுத்தவில்லை. “நான் தந்த காசு எங்க போனது?” என்று கேட்டேன்.

ஜெனிற்றா, “என்ன கதை கதைக்கிறீங்கள்?” என்று என் கையைப் பிடித்தாள். பக்கத்துக் காரில் ஏறிக்கொண்டிருந்த குடும்பமும் தமிழர்கள்தான். எங்களைக் காணாதவர்கள் போல வேகமாகக் கதவைச் சாத்தினார்கள். அன்ரன் போனைப் பொக்கற்றுக்குள் வைத்தார். அவர் அப்படிப் பணிந்து நின்றது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அந்த நோட்டீசை அவர் கையில் திணித்துவிட்டு இப்படிச் சொன்னேன்:

“இதைக் கட்டாமல் விட்டால் கோட்டுக்குப் போகும். காசு கட்டினது நீ எண்டு உன்ர பேரும் வரும். உன்ர அகதிக் கேஸ் நடக்கிற நேரத்தில உதெல்லாம் உனக்குத்தான் கூடாது.”

அப்படி எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்கிற அந்த நேரத்திலேயே தெரியும். அவருக்கு வலிக்கவேண்டும் என்பதற்காகத்தான் சொன்னேன். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மல்வேர்ன் போகும் வழியில் பின்சீற்றில் ஆரோன் மெஷின் மாதிரி “பீப், பீப், ரோங் நம்பர்” என்று குரல் மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தான். மெலனி சிரித்தாள். நான் தடுக்கவில்லை. அன்ரன் தன் வீட்டு வாசலில் இறங்கி, “போட்டு வாறன் அக்கா,” என்று ஜெனிற்றாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நோட்டீசை எதிர்த்து முறையிட முப்பது நாள் இருந்தது. வாடகைக் கம்பனி வரைக்கும் போய்விடுமோ என்ற யோசனையில், நான் மூன்று வாரம் கழித்துத்தான் பார்க்கிங் கம்பனிக்குப் போன் பண்ணினேன். எடுத்தவர் ஒரு பெண். பொறுமையாகப் பேசினார். நோட்டீஸ் இலக்கத்தைச் சொன்னதும், இது ஏற்கெனவே கட்டி முடிந்த நோட்டீஸ் என்றார். யார் கட்டியது என்று கேட்டேன். பெயர் சொல்ல முடியாது, ஆனால் நோட்டீஸ் கொடுத்ததற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையே அறுபது டொலரும் ஒன்லைனில் வந்துவிட்டது என்றார்.

அன்ரன்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. அப்போதும் என் மனம் போன வழியைப் பாருங்கள்: தன் பிழை என்று தெரிந்துதான் கட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு உறுதிக்காக, அன்று காலை பத்து மணி போல மெஷினில் ஏதாவது பணம் வந்ததா என்று பார்க்கச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தேடினார். பத்து பன்னிரண்டுக்கு 25 டொலர் வந்திருக்கிறது, ஆனால் அதற்கு அடித்திருந்த இலக்கத்தில் அன்றைக்கு எந்தக் காரும் அங்கே நிற்கவில்லை என்றார். பிறகு அந்த இலக்கத்தை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

அது என் சொந்தக் காரின் இலக்கம். கராஜில் நின்ற காரின் இலக்கம். எந்தப் படிவம் என்றாலும் யோசிக்காமல் வாயில் வருகிற அந்த இலக்கத்தைத்தான் நான் அன்ரனுக்குச் சொல்லியிருக்கிறேன். வாடகை வானின் இலக்கத்தை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவர் ஒரு எழுத்தும் பிழையில்லாமல் அடித்திருக்கிறார்.

பணத்தைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். கட்டுவதற்கு முன் முறையிட்டிருந்தால், பணம் செலுத்திய ஆதாரம் இருப்பதால் பெரும்பாலும் ரத்துச் செய்திருப்போம், கட்டிவிட்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம், அதோடு முடிந்தது என்றார். நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

ஜெனிற்றாவிடம் சொன்னேன். அவள் சமைத்துக்கொண்டிருந்த அடுப்பை நிற்பாட்டினாள்.

“அவன் கட்டினது எனக்குத் தெரியும்,” என்றாள். “அண்டைக்கே போன் பண்ணி, அக்கா எப்படிக் கட்டுறது எண்டு என்னட்டத்தான் கேட்டவன். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டும் சொன்னவன்.”

“போன் எடுத்துக் கதைக்கட்டோ?”

“போனில வேண்டாம். போய்ச் சொல்லுங்கோ. திட்டினது நேரில தானே?”

இனி இரண்டாவது பயணம். மொன்றியலிலிருந்து ரொறன்ரோவுக்கு ரயிலும் உண்டு, ஐந்து மணித்தியாலம் சொச்சம், முதலே எடுத்தால் விலை குறையும். நான் கடைசி நேரத்தில் அந்தரப்பட்டு எடுத்ததால் பஸ்தான் கட்டுப்படியானது. காலை ஏழு மணி பஸ், 52 டொலர், ஆறரை மணித்தியாலம். கிங்ஸ்ரனில் ஒரு தேத்தண்ணி நிறுத்தம். வழி முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ‘வேலை ரென்ஷன்’, ‘அண்டைக்கு வெயில்’ என்று ஆரம்பித்த ஒவ்வொரு வசனத்தையும் நானே அழித்துக்கொண்டு வந்தேன். நகர மையத்தில் இறங்கினால் கெனடி நிலையம் வரை சப்வே, அங்கிருந்து பஸ். தட்டுகிற கார்ட் இருந்தால் 3 டொலர் 30 சதம், இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை மாறினாலும் அதே காசுதான். மல்வேர்ன் போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. அன்ரன் ஒவ்வொரு நாளும் வேலைக்கு இப்படித்தான் பஸ் மாறி மாறிப் போகிறார் என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன்.

ஜெனிற்றா சொல்லி வைத்திருந்ததால் கதவைத் திறந்ததும் அவர் ஆச்சரியப்படவில்லை. “வாங்கோ அத்தான்,” என்று கதிரையைத் தூக்கி வைத்தார். தேத்தண்ணி போட்டார். நான் ஒத்திகை பார்த்தது எதுவும் வரவில்லை.

“நம்பரைப் பிழையாச் சொன்னது நான்தான் அன்ரன். என்ர கார் நம்பரைச் சொல்லிப்போட்டன். நீர் சரியாத்தான் அடிச்சிருக்கிறீர். காசைப் பற்றிக் கேட்டதும்... அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சுக்கொள்ளும்.”

அவர் தலையை ஆட்டினார். கோப்பையைக் கழுவுகிற தொட்டிக்குள் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்:

“அப்ப கேசுக்கு ஒண்டும் வராதுதானே?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் எழும்பிப் போய்க் கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு பிளாஸ்ரிக் ஃபைலை எடுத்து வந்தார். சட்டத்தரணிக்குக் கொடுக்கிற ஆவணங்கள். பிறப்புச் சான்றிதழ், தகப்பனின் மரணச் சான்றிதழ், பங்குத்தந்தை கொடுத்த கடிதம், எல்லாம் உறை உறையாக. எல்லாவற்றுக்கும் மேலே அந்த மஞ்சள் நோட்டீஸ், அறுபது டொலர் கட்டியதற்கான அச்சுப்பிரதியோடு பின் அடித்து வைத்திருந்தது.

“ஹியரிங்கில கேட்டால் காட்டலாம் எண்டு வைச்சிருக்கிறன்,” என்றார். “உடனே கட்டிப்போட்டன் எண்டு திகதியும் கிடக்கு.”

அந்த அறையில் ஐந்து வாரமாக அவர் எதை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கதிரையில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருந்தேன்.

“உது அரசாங்கத்தின்ர இல்லை அன்ரன். ஒரு தனியார் கம்பனி. அகதிக் கேசுக்கும் உதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நான் அண்டைக்குக் கோபத்தில பொய் சொன்னனான். உதைக் கிழிச்சு எறியும்.”

“லோயரிட்ட ஒருக்காக் கேட்டுட்டு எறியிறன் அத்தான்,” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஃபைலை மூடி மறுபடி கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

அறுபது டொலரை நீட்டினேன். வேண்டாம் என்பார், வற்புறுத்திக் கொடுக்கவேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் வாங்கிக்கொண்டார். அவருக்கு அது நாலு மணித்தியாலச் சம்பளம்.

நான் புறப்படச் சப்பாத்துப் போடும்போது அவர் பின்னால் வந்து நின்றார்.

“அத்தான், ஒண்டு கேட்கட்டோ? பிள்ளையளிட்டச் சொல்லிவிடுவீங்களோ? மாமா சரியாத்தான் அடிச்சவர் எண்டு.”

வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். பிறகு சப்பாத்தை ஒரு காலில் போட்டபடியே வீட்டுக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டேன். மெலனி எடுத்தாள். அன்று நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். இலக்கத்தைப் பிழையாகச் சொன்னது நான், மாமா அதைச் சரியாக அடித்தார், காசும் கட்டினார், அவரை நான் கள்ளனைப் போலக் கேட்டது பிழை என்றேன். அன்ரன் சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஓகே,” என்றாள் மெலனி. “மாமா அங்க நிக்கிறாரோ? ஃபோனை அவரிட்டக் குடுங்கோ.”

கொடுத்தேன். “சொரி மாமா,” என்றாள். “கார்ல நானும் லாஃப் பண்ணினனான். தட் வாஸ் மீன். ஆரோனையும் சொரி சொல்லச் சொல்லுறன்.”

“ஐயோ, அதுக்கென்ன பிள்ளை, பரவாயில்லை, பரவாயில்லை,” என்று அன்ரன் சிரித்தார். நான் வந்து ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அவர் முகத்தில் வந்த முதல் சிரிப்பு. பிள்ளைகள் எப்போது மறுபடி வருவார்கள், ஆரோன் நீந்தப் பழகிவிட்டானா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டேன். என்னிடம் அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை என்றுதான் சொல்ல ஆசை, ஆனால் கொஞ்சம் நின்றேன்.

ரொறன்ரோவுக்குக் காரில் போகிறவர்களுக்கு நான் படித்ததைச் சொல்கிறேன். வாடகை வாகனம் என்றால் எடுத்த உடனேயே அதன் இலக்கத்தகட்டைப் படம் எடுத்து வையுங்கள், மெஷினில் அதைப் பார்த்து அடியுங்கள், நினைவை நம்பவேண்டாம். மெஷின் துண்டு தராவிட்டால் திரையையாவது படம் எடுங்கள். நோட்டீஸ் வந்தால் அதைக் கொடுத்தது நகரசபையா, தனியார் கம்பனியா என்று முதலில் மேலே பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல, முறையிடுகிற வழியும் வேறு. காசு கட்டியிருந்தும் நோட்டீஸ் வந்தால் பயத்தில் உடனே கட்டிவிடாதீர்கள். முதலில் வங்கிக் கணக்கில் ஆதாரத்தை எடுத்துக்கொண்டு கம்பனியோடு பேசுங்கள். வாடகைக் கம்பனிக்கும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள், அவர்கள் மேலதிகமாக ஏதும் போடுவார்களா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சட்டம் தெரிந்தவன் அல்ல, பெரிய தொகை என்றால் தெரிந்தவரைக் கேளுங்கள். படகுத்துறைக்குக் கார் இல்லாமல் சப்வேயிலும் போகலாம், யூனியன் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. அடுத்த முறை நாங்கள் அப்படித்தான் போவோம், அன்ரன் எங்களோடு வரச் சம்மதித்தால்.

இதை எழுதி வைத்து இரண்டு கிழமை வெளியிடாமல் இருந்தேன். நேற்றுப் பின்னேரம் அன்ரனிடமிருந்து செய்தி வந்தது. சட்டத்தரணியைப் பார்த்தாராம், இதில் பயப்பட ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னாராம், அந்த நோட்டீசை எறிந்துவிட்டாராம். செய்தி ஜெனிற்றாவின் போனுக்குத்தான் வந்திருந்தது. அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள்.